ஸ்டெல்லாவின் குறிப்புகளில் நான் வெட்டிய பாதி

எதையும் வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. இதை எழுத உட்கார்ந்து நான்கு நாட்களாகின்றன. எழுதுவதும் கிழிப்பதுமாகப் போகிறது. எனவே சொல்ல வேண்டியவற்றை முதலில் எண்ணிட்டு வைத்துக்கொள்கிறேன்.

1. ஸ்டெல்லா திடீரென்று இறந்துபோன செய்தி எனக்கு வந்த விதம்.
2. அவர் யார் என்பது, நம் தெருவின் இந்த மாதாந்திரத் தாளைப் புதிதாக வாசிப்பவர்களுக்காக.
3. அவர் சொன்ன அடுக்களைக் குறிப்புகளை நான் வீட்டில் சோதித்துப் பார்த்தது.
4. அவருடைய மெஸ்ஸில் எண்ணெய் தீப்பிடித்த நாள்.
5. அச்சிடும்போது அவர் குறிப்புகளில் நான் வெட்டிய பாதி. வெட்டாமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ என்ற பயம். உண்மையில் இதற்காகத்தான் எழுதுகிறேன்.
6. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது.

அன்று புதன்கிழமை. காலையில் நான் மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளிக் கிழங்கு, தோலுரித்துக்கொண்டிருந்தேன். கிழங்கின் நீளவாக்கில் கத்தியால் ஒரே ஒரு கீறல் போட்டு, தோலுக்கு அடியில் முனையை நுழைத்து நெம்பினால், தோல் சுருளாகக் கழன்று வரும். ஸ்டெல்லா சொன்ன வழி. அதற்குமுன் நான் கிழங்கைப் பென்சில் சீவுவதுபோலச் சீவி, பாதியைக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். மணி பத்தரை இருக்கும். என் மனைவி சரஸ்வதியின் கைப்பேசி அடித்தது. எடுத்துக் கேட்டாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“லீலா விளிச்சா. ஸ்டெல்லா செத்துப்போனாளாம்.” ஸ்டெல்லாவின் மெஸ்ஸில் வேலை செய்பவர் லீலா.

நான் அப்போது கேட்டதை மறைக்காமல் எழுத வேண்டும். “அப்போ மீனு?” என்று கேட்டேன். ஸ்டெல்லாவின் கணவர் சூசை புதன்கிழமை தோறும் குளச்சலுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து வருவார். எங்கள் வீட்டுக்கும் சேர்த்து எடுப்பார். என் வாயில் வந்தது அதுதான்.

சரஸ்வதி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “நீங்க மனுசனா?” என்றாள்.

கையில் இருந்த கிழங்கை உரித்து முடித்தேன். அடுத்ததை எடுத்தேன். அதையும் ஒழுங்காகக் கீறி, ஒழுங்காக நெம்பி, தோலை ஒழுங்காகக் கூடையில் போட்டேன். மூன்றாவதை எடுக்கும்போதுதான் கத்தியைக் கீழே வைத்தேன். முந்தின நாள் மாலை எங்கள் வாசலில் நின்று, “சாரே, அடுத்த தாளுக்கு என்ன குறிப்பு வேணும்? யோசிச்சு வையுங்க, எனக்கு மறதி கூடிப்போச்சு” என்று சொல்லிவிட்டுப் போனவர் ஸ்டெல்லா. ஐம்பத்தாறு வயது. என்னைவிடப் பதினேழு வயது இளையவர். வரிசை என்று ஒன்று இருந்தால் நான் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்? வரிசையில் மட்டுமே நம்பிக்கை வைத்து வாழ்ந்தவன் நான். இன்னும் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

இனி அவர் யார் என்பது. குளச்சலில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் ஊரான கருங்கலில் சந்தைக்குப் பின்னால் ஒரு மெஸ் நடத்தினார். பெயர்ப்பலகை கிடையாது. ‘ஸ்டெல்லாக்க கடை’ என்றால் ஆட்டோக்காரர் எவரும் கொண்டுவிடுவார். மதியம் மீன்குழம்புச் சோறு, மாலையில் நேந்திரம்பழத்தில் செய்த பழம்பொரியும் சாயாவும். விசேஷ வீடுகளுக்கு ஆர்டர் எடுத்துச் சமைத்தும் கொடுப்பார். உதவிக்கு லீலா. அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சமையலில் இவர்கள் இருவரும், சந்தைக்கும் குளச்சலுக்கும் சூசை. மெஸ் அவ்வளவுதான்.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நம் தெருவின் இந்த மாதாந்திரத் தாளைத் தயாரிக்க வேறு யாரும் முன்வராததால் என்னிடம் தந்தார்கள். முதல் சில மாதங்கள் நான் எழுதிய அறிவியல் கட்டுரைகளை யாரும் வாசிக்கவில்லை என்று சரஸ்வதிதான் சொன்னாள். “அந்தத் தாள்ல புட்டு வெச்சுத் தாறாங்க கடையில. மேல நீங்க எழுதினது ‘அயனிப் பிணைப்பு’. எண்ணெயில ஊறி இருக்கு. பேசாம ஸ்டெல்லாட்ட நாலு குறிப்பு கேட்டுப் போடுங்க.”

அப்படித் தொடங்கியது ‘அடுக்களைக் குறிப்புகள்’. இரண்டாம் பக்கத்தின் கீழ்ப்பாதி. அதன்பிறகு தாளை யாரும் புட்டுக்குக் கொடுக்கவில்லை. அந்தக் கீழ்ப்பாதியை மட்டும் கத்தரித்து அடுக்களைச் சுவரில் ஒட்டினார்கள். நம் தெருவில் ஒட்டாத வீடு குறைவு. ஸ்டெல்லாவின் மெஸ்ஸிலும் அடுப்புக்குப் பக்கத்தில் லீலா ஒட்டி வைத்திருந்தார். “எனக்க குறிப்ப எனக்கே படிச்சுக் காட்டுதா இவ” என்று ஸ்டெல்லா சிரிப்பார்.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து மூன்று மணிவாக்கில் நான் போவேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வார். நான் நோட்டும் பென்சிலும் எடுப்பேன். அவர் சொல்லும் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் செய்ய வேண்டியது. அதன்பின் ஒரு மூச்சு விட்டு, “இல்லெங்கி” என்று ஆரம்பித்து, அது சரிவராவிட்டால் செய்ய வேண்டியது. இரண்டாம் பாதி இல்லாமல் அவர் ஒரு குறிப்பும் சொல்லி நான் கேட்டதில்லை.

“தேங்கா உடச்சா கண்ணுள்ள முறிய முதல்ல எடுக்கணும் சாரே. அதுதான் முதல்ல கெடும். இல்லெங்கி, ரெண்டு முறிக்க உள்ளயும் கொறச்சு உப்பு தடவி வையுங்க.”

“மரச்சீனி திளச்ச வெள்ளத்த ஊத்திக் களயணும். மூடி போட்டு வேவிக்கப்படாது. இல்லெங்கி, வெந்தபெறவும் கெழங்கு கசந்துன்னா மொத்தமா களஞ்சிடணும். பாவம்னு பாத்து ஆட்டுக்கும் போடப்படாது.”

இந்த இரண்டாவது குறிப்பைக் கேட்டபோது எனக்கு ஒரு சிறு அதிர்ச்சி. அந்தக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு. கொதிக்கும்போது கொஞ்சம் நீரோடும் கொஞ்சம் ஆவியோடும் அது போய்விடும். நான் வகுப்பில் கரும்பலகை நிறையச் சமன்பாடு எழுதி நடத்தியது. அவர் மூடியைத் திறந்து வைத்து நடத்தினார். காரணம் சொன்னேன். “அப்போ எங்கம்மைக்கும் வேதியியல் தெரிஞ்சிருக்கு” என்றார்.

சோதிக்காமல் நான் எதையும் அச்சிடுவதில்லை என்று வைத்திருந்தேன். தேங்காய் முறிகளை இரண்டு கிண்ணத்தில் வைத்து நான்கு நாட்கள் பார்த்தேன். கண்ணுள்ள முறிதான் முதலில் வழுவழுத்தது. மீன் நறுக்கிய கையில் புளிச்சக்கையும் உப்பும் தேய்த்தால் வாடை போகிறதா என்று, ஒரு கையில் மட்டும் தேய்த்து, மறு கையைச் சோப்பில் கழுவி, இரண்டையும் சரஸ்வதியின் மூக்குக்கு முன் நீட்டினேன். புளிக் கைதான் ஜெயித்தது. காய் நறுக்கும் பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் பலகை வழுக்காது என்றார். அதைச் சோதிக்க அவசியமே இல்லாமல் நான் முந்தின வாரம்தான் விரலை வெட்டியிருந்தேன்.

குழம்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போடலாம் என்று எங்கும் சொல்கிறார்களே என்று கேட்டபோது ஸ்டெல்லா உதட்டைப் பிதுக்கினார். “சும்மா. கெழங்கு குடிக்கது கொழம்பாக்கும், உப்ப மட்டுமா தேடிப் பிடிச்சுக் குடிக்கும்? தேங்காப்பால் ஊத்துங்க. இல்லெங்கி, பாதிக் கொழம்ப எடுத்து மாத்திட்டு, மிச்சத்துல வெள்ளமும் புளியும் சேத்து மறுபடி திளக்க விடுங்க.”

நான் ஒரே குழம்பை இரண்டு சட்டியில் எடுத்தேன். ஒன்றில் உருளைக்கிழங்கு. மற்றதில் இல்லை. எது எதென்று தெரியாமல் ருசி பார்க்க வேண்டும் என்பதால் சரஸ்வதியைக் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

“எழுபத்திமூணு வயசுல கண்ணுகட்டி விளையாட்டாக்கும்?” என்றாலும் கட்டிக்கொண்டாள். முதல் கரண்டி. இரண்டாம் கரண்டி.

“சொல்லு. எதில் உப்பு குறைவு?”

“ரெண்டும் குளச்சல் கடலு. கட்ட அவிழுங்க.”

இதை ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவர் ஸ்டூலிலிருந்து விழப் போனார். லீலாவைக் கூப்பிட்டு, “ஏட்டி, இங்க வா, சார் சரஸ்வதி அக்காக்க கண்ண கெட்டி உப்புவெள்ளம் குடிக்கவெச்ச கதைய கேளு” என்று எனக்கு முன்னாலேயே இன்னும் கொஞ்சம் உப்பு சேர்த்துச் சொன்னார். கேலி செய்யப்படுவது எனக்குப் பிடிக்காது. அவர் செய்தபோது பிடித்திருந்தது.

தீப்பிடித்த நாளும் ஒரு மூன்று மணிதான். பழம்பொரிக்கு எண்ணெய் காய வைத்துவிட்டு லீலா பின்புறம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா எனக்குக் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென ஒரு வெளிச்சம். எண்ணெய்ச் சட்டியிலிருந்து தீ முழ உயரத்துக்கு எழுந்து நின்றது. எனக்குப் பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். முப்பத்திரண்டு வருடம் மாணவர்களுக்கு, எரியும் எண்ணெயில் நீர் ஊற்றக் கூடாது என்று நடத்திய நான் அந்த வாளியைத் தூக்கினேன்.

“சாரே! வாளிய தாழ வையும்! வையும்னு சொன்னேன்!”

அதுவரை என்னை அவர் ‘வையுங்க’ என்றல்லாமல் ஒருமுறைகூட ‘வையும்’ என்று பேசியதில்லை. நான் வைத்தேன். அவர் பெரிய சோற்றுப்பானை மூடியைக் கேடயம்போல் முன்னால் பிடித்துக்கொண்டு போய், பக்கவாட்டிலிருந்து சட்டியின்மேல் நகர்த்தினார். கேஸை அடைத்தார். தீ இருந்த இடம் தெரியவில்லை. மூடியை அரை மணி நேரம் யாரையும் தொடவிடவில்லை. “தொறந்தா மறுபடி எந்திரிக்கும்” என்றார்.

பிறகுதான் திட்டு. “ஏட்டி லீலா, எண்ணெய அடுப்புல வெச்சிட்டு போனில குடும்பம் நடத்துதியா?” லீலா அழுதார். ஸ்டெல்லா, பால் விடாத கட்டஞ்சாயா ஒன்றை என் முன் வைத்து, “வேதியியல் சாருக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா?” என்றார். பிறகு குரலைத் தணித்து, “பயந்தா படிச்சது ஒண்ணும் கையில வராது சாரே. அதுக்குத்தான் சுவத்துல எழுதி ஒட்டுகது” என்றார்.

அந்த வார்த்தையை நான் அன்றே நோட்டில் எழுதினேன். எழுதினேனே தவிர, புரிந்துகொள்ளவில்லை.

அன்றைய குறிப்பு முழுவதும் இது: “எண்ணெச்சட்டி அடுப்புல ஏறுகதுக்கு முன்ன அதுக்க மூடி கையெட்டுத தூரத்துல இருக்கணும். இல்லெங்கி, மூடி கிட்டல்லன்னா, கேஸ அடைக்க முடிஞ்சா அடச்சிட்டு எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போணும். கடை போனா போட்டு.” நான் முதல் வாக்கியத்தை மட்டும் அச்சிட்டேன்.

இனி ஐந்தாவது. இங்கே கொஞ்சம் மெதுவாகத்தான் போக முடியும்.

தாளின் கீழ்ப்பாதியில் எட்டுக் குறிப்புகள், ஒவ்வொன்றும் இரண்டு வரி. இது நானே போட்ட சட்டம். இரண்டு வரிக்குள் ‘இல்லெங்கி’ அடங்காது. ஆகவே சிவப்புப் பென்சிலால் அந்தப் பாதியை அடிப்பேன். முதல் மாதமே ஸ்டெல்லா கேட்டார்: “சாரே, மிச்சம் எங்க? கொழம்ப வெச்சிட்டு மீன நாய்க்குப் போட்ட மாதிரி இருக்கே.” இடமில்லை என்றேன். பின்னால் ஒரு தனித் தாளில் எல்லாவற்றையும் முழுதாகப் போடுவதாகச் சொன்னேன். “போடுவீங்க, நான் செத்த பெறவு” என்றார். இப்படிச் சொல்லாத மனிதர் யார்? நாங்கள் இருவரும் சிரித்தோம்.

ஒரு மாதம் ஏழாவது குறிப்பாக ஓமவெள்ளம், அதாவது ஓமத்தண்ணீர், வந்தது. என் நோட்டில் உள்ளபடி தருகிறேன்.

“வயறு உப்பி நெஞ்சு கனத்தா, ஓமத்த வறுத்து வெள்ளத்துல திளப்பிச்சு இளஞ்சூட்டுல குடிக்கணும். இல்லெங்கி, அரமணிக்கூறுல கேக்கல்லன்னாலோ, வேர்த்தாலோ, கை கடுத்தாலோ, ஓமத்த களஞ்சிட்டு ஆட்டோ விளிக்கணும். ஆளு வேண்டாம்னு சொன்னாலும் ஏத்திக் கொண்டு போணும். எனக்க அண்ணன் வேண்டாம்னுதான் சொன்னான்.”

சிவப்புப் பென்சில் ‘இல்லெங்கி’யில் தொடங்கி ‘சொன்னான்’ வரை போயிருக்கிறது. கோடு நேராக இருக்கிறது. அளவுகோல் வைத்து அடித்திருக்கிறேன். இது அடுக்களைப் பகுதி, ஆஸ்பத்திரி விஷயம் இங்கே எதற்கு என்று நினைத்தது நினைவிருக்கிறது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போயிருந்தோம். லீலா என்னைத் தனியே அழைத்துப் போனார். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை என்னிடம் சொன்னார். நான் கேட்ட நேரங்களையும் சொன்னார். என் புத்தி அப்படி. அந்த நிலையிலும் நேரம் கேட்டேன்.

ஸ்டெல்லா இறந்த அன்று இருநூறு பேருக்கு ஆர்டர், ஒரு ஞானஸ்நான வீட்டுக்கு. சூசை குளச்சலில். ஏழே காலுக்கு ஸ்டெல்லா நெஞ்சைத் தடவிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். “கேஸாக்கும் மக்கா” என்றிருக்கிறார். லீலா சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். ஓமவெள்ளம் போட்டுக் கொடுத்தார். ஸ்டெல்லா குடித்துவிட்டு எழுந்து தேங்காய் அரைக்கப் போனார். எட்டு மணிக்கு மறுபடி உட்கார்ந்தார். லீலா மறுபடி ஓமவெள்ளம் கொடுத்தார். எட்டரைக்குப் பார்த்தால் ஜாக்கெட் முழுதும் நனைந்திருந்தது. “ஏன் அக்கா இப்பிடி வேர்க்குது?” என்று கேட்டதற்கு, “அடுப்புக்க முன்ன நிக்கவளுக்கு வேர்க்காம குளிரவா செய்யும்?” என்றிருக்கிறார். ஒன்பதரைக்கு இடது கையை உதறிக்கொண்டிருந்தார். “போலாமா ஆஸ்பத்திரிக்கு?” “சோறு வடிச்சிட்டுப் போலாம்.” பத்து மணிக்குச் சோற்றுப்பானை மூடியைத் திறக்கும்போது விழுந்தார். ஆட்டோ உடனே வந்தது. வழியிலேயே முடிந்துவிட்டது.

“நான் தாள பாத்துட்டே நின்னேன் சாரே” என்றார் லீலா. “ஓமவெள்ளம்னு எழுதியிருந்து. அதுக்குப் பெறவு ஒண்ணும் எழுதல்ல. அதனால ரெண்டாவதும் போட்டுக் குடுத்தேன். ஏத்திக் கொண்டு போன்னு ஒரு வரி இருந்திருந்தா, அவ என்ன அடிச்சாலும் நான் வலிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்.”

லீலா என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு அப்படி ஒரு வரி இருந்தது என்பதே தெரியாது. தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வரி இருந்தது, அதை அடித்தவன் நான் என்று அவரிடம் சொல்ல அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து சரஸ்வதியிடம்தான் சொன்னேன்.

அவள், “சொன்னவளே அவதானே? அவளுக்குத் தெரியாதா? தாளப் பாத்துத்தானா அவளுக்குத் தெரியணும்?” என்றாள். என்னை ஆற்றத்தான் சொன்னாள்.

இரண்டு நாட்கள் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு அதுவும் நிற்கவில்லை. வலியில் இருப்பவர் சுவரை வாசிப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர்தான் வாசிக்கிறார். ‘ஆளு வேண்டாம்னு சொன்னாலும்’ என்று ஸ்டெல்லா சொன்னது நெஞ்சு வலிப்பவருக்கு அல்ல. பக்கத்தில் பயந்து நிற்பவருக்கு. லீலாவுக்கு. அன்று வாளியைத் தூக்கிய எனக்கும்.

ஒன்பதாம் நாள் ஸ்டெல்லாவின் மகள் ஜெனி எங்கள் வீட்டுக்கு வந்தாள். குவைத்தில் நர்ஸாக இருக்கிறாள். அடக்கத்துக்கு வந்தவள் இன்னும் திரும்பிப் போகவில்லை. கையில் அந்தத் தாள். மெஸ் சுவரிலிருந்து கவனமாகப் பிரித்து எடுத்திருந்தாள். மூலைகளில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

“இது நீங்க எழுதினதா சாரே?”

“அம்மா சொன்னது. எழுதினது நான்.”

“எங்கம்மா ஒரு காரியத்த இதோட நிறுத்தமாட்டா. போனில எனக்கு ரசம் வைக்கச் சொல்லிக் குடுத்தாலும் ‘இல்லெங்கி’ வரும். இதுக்க மிச்சம் எங்க?”

நான் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். பக்கத்தைத் திறந்து அவள் முன் வைத்தேன். அவள் சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்து, அதன் அடியில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். சரஸ்வதி அடுக்களை வாசலில் நின்றாள்.

“இடமில்லைன்னு வெட்டிட்டேன் மக்களே” என்றேன். “மன்னிச்சிரு.”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பென்சில் தாங்க” என்றாள்.

“அம்மா சொன்னதுலயும் ஒரு தப்பு இருக்கு. அரமணிக்கூறு எதுக்கு? நெஞ்சு கனத்து வேர்த்தா, கை கடுத்தா, தாடை வலிச்சா, மூச்சு முட்டினா அப்பவே போணும். கேஸா இல்லையான்னு ஆஸ்பத்திரிலதான் பாக்கணும், அடுப்படில இல்ல.” சொல்லிக்கொண்டே கோட்டுக்குக் கீழே எழுதினாள். எழுதி முடித்து, “இத போடுங்க சாரே. வேற ஒண்ணும் வேண்டாம். எல்லா வீட்டுச் சுவத்துலயும் இப்பவும் அந்தப் பாதிதானே ஒட்டியிருக்கு?” என்றாள்.

ஆமாம். உங்கள் எல்லோர் வீட்டிலும் அந்தப் பாதிதான் ஒட்டியிருக்கிறது. அதை நினைத்துத்தான் அன்றிலிருந்து எனக்கு உறக்கமில்லை. இந்தத் தாளோடு இன்னொரு தாள் சேர்த்திருக்கிறேன். அதில் ஓமவெள்ளக் குறிப்பு முழுதாக, ஜெனி திருத்தியபடி, பெரிய எழுத்தில் இருக்கிறது. பழையதைக் கிழித்துவிட்டு இதை ஒட்டுங்கள். உங்கள் வீட்டில் அடுப்புக்கு முன் நிற்பவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். தீக்கும் கிழங்குக்கும் உரிய இரண்டாம் பாதிகளையும் சேர்த்திருக்கிறேன். மற்றவை ஒவ்வொரு மாதமும் வரும். எட்டு என்ற சட்டத்தை எடுத்துவிட்டேன். மூன்று வந்தால் போதும், முழுதாக வரட்டும்.

தாள் அச்சுக்குப் போகும்முன் லீலாவிடம் போய்ச் சொன்னேன். அந்த வரி இருந்தது, நான்தான் அடித்தேன் என்று. “அப்போ அக்கா சொல்லத்தான் செஞ்சிருக்கா, இல்லியா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம், சொன்னார் என்றேன். அவர் முகம் கொஞ்சம் இளகியதுபோல் எனக்குத் தோன்றியது. என் ஆசையால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

நான் வைத்துக்கொள்வது அந்த நோட்டை. சூசையிடம் கொடுக்கத்தான் நினைத்தேன். அவர் வாங்கவில்லை. “அதுல அவளுக்க பேச்சு இருக்கு சாரே. என்னால பாக்க முடியாது, நீங்களே வையுங்க” என்றார். அதில் நூற்றுக்கு மேற்பட்ட சிவப்புக் கோடுகள் இருக்கின்றன. ஒரு கோட்டுக்குக் கீழே மட்டும் மகளின் கையெழுத்து. மற்றவற்றின் அடியில் இருப்பதை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதி முடித்தபின் தொடக்கத்திலிருந்து சரிபார்ப்பது என் வழக்கம். இப்போது பார்த்தேன். முதல் எண்ணில், ஸ்டெல்லா திடீரென்று இறந்துபோனார் என்று எழுதியிருக்கிறேன். துக்க வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கும் அந்தச் சொல் வசதியாக இருந்திருக்கிறது. ஏழே காலிலிருந்து பத்து மணிவரை இரண்டே முக்கால் மணி நேரம். கருங்கலில் அந்த நேரத்தில் ஆட்டோ கிடைக்காமல் இருந்ததில்லை. முதல் எண்ணில் நான் எழுதியது தவறு.